"சிஸ்டர், இதை நீங்களே செஞ்சுடுங்க": வேலை எல்லை பற்றி நர்ஸ்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினெட்டு வருடம் வார்டில் நின்றுவிட்டு இப்போது நர்ஸிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். படித்து முடித்துப் போன பிள்ளைகளிடமிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் வரும். முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: டாக்டர் செய்ய வேண்டியதை எங்களைச் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா, மாட்டேன் என்றால் என்ன ஆகும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுத உட்கார்ந்துவிட்டேன். தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளில், அதிலும் இருபது முப்பது படுக்கை உள்ள இடங்களில் வேலை செய்பவர்கள்தான் என் மனதில் இருப்பது. நான் வக்கீல் இல்லை. உங்கள் மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் இதை மூடிவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

அக்கா, நர்ஸ் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு ஒரே லிஸ்டா எங்கேயாவது இருக்கா?

ஒரே தாளில் சட்டமாக அப்படி ஒரு பட்டியல் நம் ஊரில் இல்லை, தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் பதிவு தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் இருக்கிறது, அது 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. பாடத்திட்டத்தையும் படிப்பின் தரத்தையும் இந்திய நர்ஸிங் கவுன்சில் பார்த்துக்கொண்டது, அதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் உங்கள் எல்லையை உண்மையில் கோடு போட்டுக் காட்டுவது மற்றவர்களுடைய சட்டங்கள்தான். மருத்துவம் பார்ப்பது பதிவு பெற்ற டாக்டருக்கு, மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கலந்து கொடுப்பது பார்மசிஸ்டுக்கு, கருக்கலைப்பு அதற்குத் தகுதி உள்ள டாக்டருக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டத்தில் கிடக்கிறது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு இது: இது என் படிப்பிலோ முறையான பயிற்சியிலோ இருந்ததா, இதற்கு டாக்டர் ஆர்டர் இருக்கிறதா, எனக்கு இது கை பழகியதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் செய்யுங்கள். என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு என்று முடிவெடுப்பது நம் வேலை இல்லை. முடிவை ஒழுங்காக நிறைவேற்றுவதும், அது தப்பாகத் தெரிந்தால் கேள்வி கேட்பதும் நம் வேலை.

ஊசி, வென்ஃப்ளான், கத்தீட்டர், ரைல்ஸ் டியூப் எல்லாம் போடுறோமே, அதுவும் தப்பா?

இல்லை, நரம்பில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான், சிறுநீருக்குக் கத்தீட்டர், மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் டியூப், எல்லாம் நம் வேலைதான். ஆர்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இதற்கெல்லாம் பயப்பட ஆரம்பித்தால் வார்டு ஓடாது. ஒன்று மட்டும்: "இந்த மருந்தை டாக்டரே நேரில் இருந்து கொடுக்க வேண்டும்" என்று சீனியர் டாக்டர் எழுதியிருந்தால், டியூட்டி டாக்டர் எவ்வளவு கெஞ்சினாலும் நீங்கள் கொடுக்காதீர்கள். ஏன் என்பது கீழே டெல்லிக் குழந்தை வழக்கில் வரும்.

டியூட்டி டாக்டர் இல்லாத நேரத்தில் காய்ச்சல், வயித்து வலின்னு வர்றவங்களுக்கு ஒரு ஊசி, ரெண்டு மாத்திரை கொடுத்து அனுப்பச் சொல்றாங்க. சின்ன கேஸ்தானே?

சின்ன கேஸா இல்லையா என்று சொல்வதற்குத்தான் டாக்டர் வேண்டும். என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நைட் டூட்டி. நாற்பத்தைந்து வயது இருக்கும், மேல் வயிறு எரிகிறது என்று ஒருவர் வந்தார். அங்கே வழக்கம், கேஸ் டிரபிள் என்றால் ஒரு ரான்டாக் ஊசி, போட்டு அனுப்பிவிடுவோம். நானும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அதே ஆட்டோவில் திரும்பி வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவு வியர்வை. ஈ.சி.ஜி.யில் ஹார்ட் அட்டாக். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்ததால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன்.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34: மருத்துவப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஓ.பி. கூட்டம் போய்விடக் கூடாது" என்று சொன்ன முதலாளியின் பெயர் அந்தச் சீட்டில் எங்கேயும் இருக்காது. நீங்கள் செய்யக்கூடியது: பி.பி., பல்ஸ், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு பாருங்கள், நெஞ்சு வலியோ மேல் வயிற்று வலியோ என்றால் ஈ.சி.ஜி. எடுங்கள், டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் வர முடியாவிட்டால் 108.

டாக்டர் போன்ல சொன்னார், நான் செஞ்சேன். அது போதாதா மேடம்?

போன் ஆர்டரே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ராத்திரி மூன்று மணிக்கு எந்த ஊரிலும் எல்லா டாக்டரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். ஆனால் வாங்கும் விதம் இருக்கிறது. அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்: நோயாளி பெயர், மருந்து, அளவு, எந்த வழியில், எவ்வளவு நேரத்தில். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று போனில் கேட்காது, அதனால் "ஒன்று, ஐந்தா சார்? ஐந்து, சைபரா?" என்று கேளுங்கள். முடிந்தால் ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு சிஸ்டரையும் கேட்க வையுங்கள். உடனே கேஸ் ஷீட்டில் நேரத்தோடு "போன் ஆர்டர், டாக்டர் இன்னார், திருப்பிச் சொல்லி உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள், சாட்சி சிஸ்டரும் போடட்டும். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர் கையெழுத்து வாங்காமல் டூட்டி முடித்து இறங்காதீர்கள்.

சில மருந்துகளுக்கு இன்னும் ஒரு படி ஜாக்கிரதை. பொட்டாசியம் குளோரைடு (கே.சி.எல்.) ஆம்பியூல், பத்து மில்லி, பார்க்க மற்ற ஆம்பியூல் மாதிரிதான் இருக்கும். "கே.சி.எல். ஒண்ணு போட்டுடு" என்று போனில் வந்தால் "எந்த டிரிப்பில் கலந்து, எத்தனை மணி நேரத்தில் சார்?" என்று கேட்காமல் போனை வைக்காதீர்கள். அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இன்சுலின், ஹெப்பாரின் இரண்டுக்கும் இதே கவனம். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்வது போனை விட நல்லது, ஆனால் அந்த மெசேஜ் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, கேஸ் ஷீட்டிலும் ஏற வேண்டும்.

டாக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட வெறும் சீட்டு ஒரு கட்டு வெச்சிருக்கார். நாங்க மருந்து எழுதிக்கலாமாம்.

தொடாதீர்கள். கையெழுத்து அவருடையது, கையெழுத்துக்கு மேலே உள்ள எழுத்து உங்களுடையது. யார் முடிவெடுத்தார் என்று கேள்வி வந்தால் அந்த எழுத்தே பதில் சொல்லிவிடும். மருத்துவச் சான்றிதழ், லீவுக்கான ஃபிட்னஸ் சான்றிதழுக்கும் இதே பதில்தான், மேலே சொன்ன பிரிவு 34 அதையும் சேர்த்தே சொல்கிறது.

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் வர லேட்டாகுது. சர்ஜன் "நான் சொல்றேன், நீ மருந்தைத் தள்ளு"ங்கிறார். சில சமயம் தையல் போடவும் சொல்றார்.

மயக்க மருந்தைப் பொறுத்தவரை பதில் ஒரே சொல்: முடியாது. அமெரிக்காவில் நர்ஸ்கள் அதற்கென்று தனியாகப் படித்து லைசென்ஸ் வாங்கி மயக்க மருந்து கொடுக்கிறார்கள், நம் நாட்டில் அப்படி ஒரு பதிவு கிடையாது. கெட்டமினோ புரோபோஃபோலோ, தள்ளுவதற்கு முப்பது விநாடி. மூச்சு நின்றால் டியூப் போடத் தெரிந்தவர் அந்த அறையில் யார்? சர்ஜனின் கை வயிற்றுக்குள் இருக்கும். மயக்க மருந்து டாக்டர் இருந்து, அவர் சொல்ல நீங்கள் மருந்தை எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

தையல் விஷயத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம் உண்டு. கருவி எடுத்துக் கொடுப்பது, நூல் வெட்டுவது நம் பயிற்சிக்குள் வருவது. வயிற்றைத் திறப்பதும் மூடுவதும் அறுவை சிகிச்சை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த ஓ.பி.க்குப் போய்விட்டு, நீங்கள் தனியாக மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது உங்கள் எல்லையைத் தாண்டிய வேலை.

லேபர் வார்டில் எல்லாம் நாங்கதான் பார்க்கிறோம். அங்கே எல்லை எது?

லேபர் வார்டுதான் நமக்கு உரிமை அதிகம் உள்ள இடம், நம் பதிவிலேயே பிரசவம் பார்க்கும் தாதியும் சேர்த்துத்தான் வருகிறது. சாதாரணப் பிரசவம் பார்ப்பது, குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது, நஞ்சுக்கொடியை எடுத்துப் பார்ப்பது, குழந்தைக்கு மூச்சு வரவைப்பது எல்லாம் நம் வேலை. பயிற்சி பெற்ற பிரசவப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதலில், வலிப்பு வந்த தாய்க்கு மக்னீசியம் சல்பேட் முதல் டோஸைக் கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்பவும் இடம் இருக்கிறது. பயிற்சி எடுத்திருந்தால் காப்பர் டி போடலாம்.

டாக்டர் இல்லாத நேரத்தில் வலி வரவைக்க டிரிப்பில் ஆக்ஸிடோசின் ஏற்றச் சொல்வது, அதுவும் "டாக்டர் வரும் நேரத்துக்குப் பிரசவம் ஆகும்படி பார்த்துக்கொள்" என்பது, இதுதான் நான் அதிகம் கேட்கும் கதை. ஆரம்பிக்க டாக்டர் எடுத்த முடிவும், அவர் சொன்ன அளவும், சிசேரியன் தேவைப்பட்டால் செய்ய ஆளும் இல்லாமல் அந்த டிரிப்பைத் திறக்காதீர்கள். கருக்கலைப்பு பக்கமே போகக் கூடாது. 1971-ஆம் ஆண்டு எம்.டி.பி. சட்டப்படி டாக்டர் அல்லாதவர் செய்தால் இரண்டு முதல் ஏழு வருடம் வரை கடுங்காவல்.

அப்போ எமர்ஜென்சின்னா? கண் முன்னாடி ஆள் சாகும்போது சட்டம் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?

யாரும் நிற்கச் சொல்லவில்லை. நெஞ்சை அழுத்துவது, அம்பு பேக்கால் மூச்சு கொடுப்பது, ஆக்சிஜன், ரத்தத்தை நிறுத்துவது, நரம்பில் லைன் போடுவது, இதற்கெல்லாம் எந்த ஆர்டரும் காத்திருக்க வேண்டாம். செய்யாமல் நின்றால்தான் கேள்வி வரும். ஒரு உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தில் செய்ததற்குச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எமர்ஜென்சி என்பது எதிர்பாராமல் வருவது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டாக்டர் இருக்கமாட்டார் என்று உங்கள் ஆஸ்பத்திரிக்கு நன்றாகத் தெரியும் என்றால் அதற்குப் பெயர் எமர்ஜென்சி இல்லை, சம்பளம் மிச்சம்.

தப்பாப் போச்சுன்னா டாக்டர் மேலதானே கேஸ்? அவர்தானே சொன்னார்?

இதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள், இதுதான் ஆபத்து. டெல்லிக் குழந்தை வழக்கைச் சொல்கிறேன். 1993 டிசம்பரில் டைபாய்டு என்று ஒரு குழந்தையை ஸ்பிரிங் மெடோஸ் என்ற ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசியை டாக்டரே போட வேண்டும் என்று சீனியர் டாக்டர் சொல்லியிருந்தும், டியூட்டியில் இருந்த டாக்டர் நர்ஸைப் போட விட்டார். அந்த நர்ஸுக்கு உரிய தகுதியும் இல்லை. ஊசி ஏறியதும் குழந்தை சரிந்தது, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1998-இல் முடிந்தது: குழந்தைக்கு பன்னிரண்டரை லட்சம், பெற்றோருக்கு ஐந்து லட்சம். ஆஸ்பத்திரியும் பொறுப்பு, டாக்டரும் கவனக்குறைவு, நர்ஸும் கவனக்குறைவு. "அவர் சொன்னார்" என்பது யாரையும் தனியாகக் காப்பாற்றவில்லை.

அது நஷ்ட ஈட்டு வழக்கு, பணத்தைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரி கொடுத்துவிடும். கிரிமினல் வழக்கு அப்படி இல்லை, ஜெயிலுக்கு ஆஸ்பத்திரி போகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106-ஐ எல்லா நர்ஸும் ஒருமுறை படிக்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து வருடம் வரை சிறை. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது செய்தது என்றால் மட்டும் இரண்டு வருடம் வரை. அந்தச் சலுகை யாருக்கு என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. நாம் நர்ஸிங் பதிவேட்டில் இருக்கிறோம். டாக்டர் வேலையை நாம் செய்தாலும் டாக்டருக்கான சலுகை நமக்கு வராது.

கிராமத்தில் எம்.எல்.எச்.பி. சிஸ்டர்ஸ் சுகர், பி.பி. மாத்திரை கொடுக்கிறாங்களே, அவங்களுக்கு மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. எம்.எல்.எச்.பி. என்றால் அரசு நியமித்த இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள். அவர்களுக்குப் பின்னால் அரசு ஆணையும், பயிற்சியும், எந்த அளவுக்கு மேல் போனால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்ற எழுத்து நெறிமுறையும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், நோய் இன்னது என்று ஏற்கெனவே முடிவாகி, மருந்தும் எழுதப்பட்டது தொடர்ந்து போகிறது. ஐ.சி.யூ.வுக்கென்று இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் வந்திருக்கிறது. நர்ஸின் எல்லை விரிவது எனக்கும் சந்தோஷம்தான், திறமை இருக்கும் பிள்ளைகள் ஏராளம். அது படிப்பாலும் ஆணையாலும் விரிய வேண்டும். முதலாளி காரில் ஏறும்போது "நீங்களே பார்த்துக்குங்க" என்று சொன்னதால் விரியாது.

இருபத்தஞ்சு பேஷன்ட்டுக்கு நான் ஒருத்தி. என் வேலையை ஆயா செய்றாங்க, டாக்டர் வேலையை நான் செய்றேன்.

பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்றுக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒன்றுக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் சொன்ன கணக்கு. அதைச் சொன்னால் மேட்ரனே சிரிப்பார், தெரியும். ஆனாலும் ஆயாவிடமோ ஆறு மாத கோர்ஸ் முடித்த பெண்ணிடமோ மருந்து ட்ரேயைக் கொடுத்து அனுப்பாதீர்கள். டியூட்டி டாக்டர் உங்களுக்குச் செய்வதை நீங்கள் அவளுக்குச் செய்கிறீர்கள். ஆள் போதவில்லை என்பதை ரிப்போர்ட் புக்கில் எண்ணிக்கையோடு எழுதுங்கள்: இன்று இரவு இத்தனை நோயாளி, இத்தனை ஸ்டாஃப், இன்சார்ஜிடம் இத்தனை மணிக்குத் தெரிவித்தேன்.

மாட்டேன்னு சொன்னா வேலை போயிடும். எப்படித்தான் சொல்றது அக்கா?

"மாட்டேன்" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல் கேட்டதும் விஷயம் மறந்துபோய் மரியாதைப் பிரச்சினை ஆகிவிடும். "சார், எனக்கு இதில் பயிற்சி இல்லை, நீங்கள் வரும்வரை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன்." "சார், ஆர்டரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், உடனே செய்கிறேன்." இரண்டாவது வாக்கியம் மந்திரம் மாதிரி வேலை செய்யும். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் "சரி விடு, நானே வர்றேன்" என்றுவிடுவார்கள். எழுதிக் கொடுத்துவிட்டாலும் முதல் பதிலில் உள்ள மூன்று கேள்விகள் போய்விடாது. எழுத்தில் வந்த ஆர்டர் என்பதற்காக மயக்க மருந்து கொடுக்க முடியாது.

தனியாகச் சொல்வதை விட வார்டில் நான்கு பேரும் ஒரே பதிலைச் சொல்வது நல்லது. ஒருத்தி மறுத்து இன்னொருத்தி செய்துவிட்டால் மறுத்தவள் "ஆட்டிட்யூட்" உள்ளவள் ஆகிவிடுவாள்.

என் ஒரிஜினல் சர்டிபிகேட் அவங்ககிட்ட இருக்கு, ரெண்டு வருஷம் பாண்டு வேற.

முதலில் பாண்டு தாளின் நகலைக் கையில் வாங்குங்கள். உங்கள் சான்றிதழ் உங்கள் சொத்து, அதைப் பிடித்துவைத்து வேலை வாங்க ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை. எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. கொடுக்காவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம், நிறைய இடங்களில் அந்தக் கட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பாண்டும் உங்களை டாக்டர் வேலை செய்ய வைக்க முடியாது. சட்ட விரோதமான வேலைக்கு ஒப்பந்தம் செல்லாது.

டாக்டர் வராமலேயே வந்து பார்த்தார்னு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்றாங்க. பேஷன்ட் இறந்த பிறகு.

இதுவரை உள்ள கேள்விகளில் இதுதான் மோசமானது. எழுதாதீர்கள். அது வரைக்கும் நீங்கள் சாட்சி, எழுதிய நிமிடத்திலிருந்து குற்றவாளி. ஆவணத்தைப் பொய்யாக உருவாக்குவது தனிக் குற்றம். நீங்கள் பார்த்ததை, செய்ததை, போன் செய்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். எழுத மறந்தது இருந்தால் "தாமதப் பதிவு" என்று எழுதி, இப்போது மணி என்ன என்பதையும் போட்டு எழுதலாம், அது தப்பில்லை. பழைய வரியை அடிக்காதீர்கள், ஒயிட்னர் பூசாதீர்கள். இறந்ததை உறுதி செய்வதும் இறப்புக் காரணச் சான்றில் கையெழுத்துப் போடுவதும் டாக்டர் வேலை. உறவினர் கேட்டால் "டாக்டர் வந்து சொல்வார்" என்பதோடு நிறுத்துங்கள்.

புகார் கொடுக்கணும்னா எங்கே?

முதலில் உள்ளே: நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு எழுத்தில், நகல் உங்களிடம். அதற்குப் பிறகு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். தனியார் ஆஸ்பத்திரிகளை 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்வதும் கண்காணிப்பதும் அந்த அலுவலகம்தான். ராத்திரி டாக்டர் இல்லாமல் படுக்கை நிரப்புகிறார்கள் என்பது அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கம் வழியாகப் போங்கள். நோயாளியின் கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அதனால் புகார் உங்கள் மேலேயே திரும்பும். உங்கள் டூட்டி ரோஸ்டர், நீங்கள் எழுதிய கடிதங்கள், உங்களுக்கு வந்த மெசேஜ்கள் போதும்.

பத்து வருஷமா செய்றேன் அக்கா. புதுசா வர்ற டியூட்டி டாக்டரை விட எனக்கு நல்லாவே வரும். அப்பவுமா?

வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிய ஹவுஸ் சர்ஜனுக்கு நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தியதைப் பார்த்து, ஊசியை வாங்கி ஒரே குத்தில் போட்டவர்கள்தானே நாம். அந்தத் திறமையால் நோயாளிகள் பிழைக்கிறார்கள். விசாரணையில் உங்கள் கை எவ்வளவு தேர்ந்தது என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று கேட்பார்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

அந்தத் திறமையை வேறு வழியில் காட்டுங்கள். புதுப் பையன் தப்பான டோஸ் எழுதினால் "சார், வழக்கமா இவ்வளவு கொடுப்பாங்களே, ஒரு தடவை பார்த்துடறீங்களா" என்று சொல்லுங்கள். போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி அப்படிக் கேட்டிருக்கிறாள், குழந்தைக்கு எழுதிய டோஸில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. அவர் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அவள் மருந்தை எடுத்தாள்.